கயிற்றின் மறுமுனையில் நான்

என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து அச்சுக்குத் தட்டிக் கொடுக்கும் பத்திரிகை அலுவலகத் தங்கச்சியிடம் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனின் எழுத்து எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பிழைகளை அவர் திருத்திய பிறகுதான் நீங்கள் வாசிக்கிறீர்கள். ஆனால் இந்த வாரக் கடதாசியைக் கண்டு அவர் பயந்துவிடக் கூடாது. எழுத்து வழமையைவிடக் கோணல். வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது. இரண்டு விரலால் பேனையை இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

வீட்டிலேயே ஒரு ரீச்சர் இருக்கும்போது ஏன் பிழையோடு அனுப்புகிறாய் என்று சிலர் கேட்பதுண்டு. அவரிடம் கொடுத்தால் சிவப்புப் பேனையை எடுப்பார். அதைவிட, அச்சில் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை உங்களோடு சேர்ந்து அவரும் வாசிக்கட்டும். ஏச்சு வாங்குவதென்றால் ஒரேயடியாக வாங்கிவிடலாம்.

சரி, தோல் எப்படி உரிந்தது?

பொறாமையால். வேறொன்றும் இல்லை.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். எனக்குத் துறைமுகப் பக்கம் ஒரு சின்னக் கடை. வலை, தூண்டில், மிதவை, நைலோன் கயிறு விற்கிறேன். என் மனைவி உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறார். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் என்று அந்த நேரம் எங்கள் ஊரான பாலையூற்று முழுக்கக் கேட்டது. அவரின் அப்பா என் கடையில் வலை வாங்குகிறவர். மகள் பட்டம் எடுத்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காலத்தில், ஒரு நாள் வலைக்கு விலை பேசிக்கொண்டு நின்றவர் மகளைக் கட்டச் சம்மதமோ என்று திடீரென்று என்னைக் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றேன். ரீச்சர் ஏன் "ஓம்" என்றார்? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கப் பயம்.

வீட்டிலும் நான் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். "நீங்கள்" என்றுதான் கதைப்பேன். கூச்சத்தில் தொடங்கியது, பழகிவிட்டது.

ரீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பரிசோதனை என்றாலும் வகுப்பில் காட்டுவதற்கு முதல் வீட்டில் ஒரு தடவை செய்து பார்ப்பார். கண்ணாடி வில்லை, மின்குமிழ், வயர்… அதிலெல்லாம் எனக்கு வேலை இல்லை. நான் தூர நின்று பார்ப்பேன். ஆனால் வருஷத்தில் ஒரு பின்னேரம், அலைகள் பாடம் வரும்போது மட்டும், வாசல் படலையடியில் இருந்து ஒரு குரல் வரும்.

"இஞ்சேருங்கோ… கயிறு!"

அது போதும் எனக்கு. திருவிழா மாதிரி.

கயிறு என் கடைக் கயிறு. ஒரு முனையைப் படலையடியில் நின்று அவர் ஆட்டுவார். மறுமுனையைக் குசினி வாசலில் நின்று நான் பிடிப்பேன். கண்டபடி ஆட்டினால் கயிறு பாம்பு மாதிரி நெளியும், அவ்வளவுதான். அவர் ஆட்டுகிற வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வருவார். ஒரு வேகம் வரும்… அந்த இடத்தில் கயிறு ஓடுவதை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே மேலும் கீழும் பொங்கும். நடுவில் ஒரு பெரிய வயிறு. இன்னும் கூட்டினால் எல்லாம் குழம்பும். பிறகு இன்னொரு வேகத்தில் இரண்டு வயிறு வரும். அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு புள்ளி மட்டும் ஆடாமல் அசையாமல் இருக்கும். அதற்குக் கணு என்று பெயர்.

"அதுக்குப் பிடிச்ச வேகத்தில ஆட்டினாச் சின்னத் தட்டே காணும், அதுவே போதும். தானா வளரும்" என்பார் ரீச்சர். அதற்குப் பரிவு என்று பெயராம்.

நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பிடித்துக்கொண்டு நிற்பேன். ரோட்டால் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் விட மாட்டேன்.

ஏன் தெரியுமா? பட்டம், பாடத்திட்டம், ஆசிரியர் கூட்டம் எல்லாம் எனக்கு எட்டாத தட்டில் இருக்கிற சாமான்கள். அந்த ஒரு பின்னேரம் மட்டும் அவருடைய படிப்பின் ஒரு முனை என் கையில் இருக்கும். எட்டு வருஷமாக அப்படித்தான்.

இந்த வருஷம் அந்தக் குரல் வரவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு நாள் காலையில் ஸ்கூட்டியில் ஏறப் போனவர் திரும்பி, "கடையில ஈயக்கட்டி இருக்கோ?" என்று கேட்டார். வலையின் அடி தண்ணீருக்குள் இறங்குவதற்குக் கட்டுகிற ஈயம்.

"எந்த அளவில?"

"அளவு எதெண்டாலும் பரவாயில்லை. எல்லாம் ஒரே நிறையா இருக்கவேணும்."

அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஒரே நிறை வந்ததை மட்டும் பொறுக்கினேன். துணியால் துடைத்தேன். பளபளவென்று ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கிழமையே ரீச்சர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டார். கொடுக்கப் பாடசாலைக்குப் போனேன். பாடசாலை வாசல் என்றால் எனக்கு இப்போதும் கால் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். மெதுவாக ஆய்வுகூடத்து ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.

மேசையில் ஒரு பழைய ஸ்பீக்கர் மல்லாந்து கிடந்தது. அதன் நடுவில் ஒரு குச்சி ஒட்டியிருந்தது. குச்சியில் ஒரு மெல்லிய நூல். நூல் மேசை நீளத்துக்கு இழுபட்டு, மற்றப் பக்கம் ஒரு சின்னக் கப்பியில் ஏறி இறங்கி, நுனியில்…

என் ஈயக்கட்டிகள் தொங்கின.

ஸ்பீக்கரோடு ஒரு போன் வயரால் பூட்டியிருந்தது. போனில் விரலைத் தேய்த்துக்கொண்டு நின்றவர் சுதர்சன் சேர். தொழினுட்பப் பாடத்துக்குப் புதிதாகப் படிப்பிக்க வந்த பொடியன். அவர் விரலை இழுக்க இழுக்க ஸ்பீக்கரின் சத்தம் கீச்சென்று ஏறியது. நூலில் ஒரு வயிறு. பிறகு இரண்டு. பிறகு மூன்று, நான்கு… ஒவ்வொன்றும் செதுக்கி வைத்த மாதிரி. கணுக்கள் ஊசிமுனை மாதிரி. எட்டு வருஷத்தில் எங்கள் முற்றத்தில் அப்படி ஒரு அலை நின்றதில்லை.

ரீச்சர் கை தட்டினார்.

எனக்கு அவர் ஒரு நாளும் கை தட்டினதில்லை.

சுதர்சன் சேர் என்னைக் கண்டுவிட்டார். "அட, அண்ணன்! வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. ஈயம் நீங்கள்தான் தந்தனீங்கள் எண்டு ரீச்சர் சொன்னவ. அருமையான ஈயம் அண்ணன்!"

"தம்பி… இதுக்கு மற்றப் பக்கம் ஆரும் பிடிக்கத் தேவையில்லையோ?"

"தேவையே இல்லை. ஈயம் பிடிக்கும். ஈயம் களைக்காது, கதைக்காது, குடிக்க ரீ கேக்காது!"

நானும் கதைக்கிறவன் இல்லையே. ரீயும் கேட்கிறதில்லையே. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சுதர்சன் சேரில் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பொடியன். அண்ணன் அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். அவரில் பொறாமைப்பட்டால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். படித்தவர், இளந்தாரி என்று மனதைத் தேற்றலாம். ஆனால் என் இடத்தில் தொங்கியது என் கடைச் சாமான். நானே நிறுத்து, நானே துடைத்து, நானே பையில் போட்டுக் கொடுத்தது! ஈயக்கட்டியில் பொறாமைப்படுகிற மனிதனுக்கு யாரிடம் போய் ஆறுதல் கேட்பது?

நான் போனது ஜவாத் நானாவிடம். போனேன் என்றும் சொல்ல ஏலாது, அவர்தான் வந்தார். மூதூர்க்காரர்; அண்ணன் முறையில் நானா என்பேன். சொந்தமாக இரண்டு வள்ளம். தூண்டில் வாங்க வந்தால் வாங்குகிற நேரத்தைவிட என் கதிரையில் உட்கார்ந்திருக்கிற நேரம்தான் கூட.

"என்ன தம்பி, மொகம் இப்பிடி இரிக்கி? வயித்துக் குத்தா?"

சொன்னேன். முழுதும் சொன்னேன்.

நானா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடுதான் தெரிந்தது. கடைசியில் முடியவில்லை.

"அப்ப ஒரு ராத்தல் ஈயத்துக்கு ஒன்ட வேல போயிட்டு!"

"நானா, சிரிக்காதேயுங்கோ."

"சிரிக்கல்ல தம்பி. போய்க் கேளு. புருசன விட்டுட்டு ஈயத்தப் புடிச்ச காரணம் என்ன எண்டு கேளு. காரணம் இல்லாமச் செய்ற ஆள் இல்ல ஒன்ட ரீச்சர்."

அன்று பின்னேரம் ரீச்சர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். குசினி வாசலில் போய் நின்றேன். அதே இடம்தான்.

"இந்த முறை கயிறு எடுக்கேல்லையோ?"

"மிஷின் வந்திட்டுதெல்லோ."

"மிஷின் நல்லமோ?"

"நல்ல வடிவா நிக்குது."

"எங்கட கயித்தில வடிவா நிக்கேல்லையோ?"

ரீச்சர் கத்தியை வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிள்ளைகளுக்குப் புள்ளி குறைவு என்று சொல்வதற்கு முதல் இப்படித்தான் பார்ப்பாராக்கும்.

"கோவிக்கக் கூடாது."

"இல்லை."

"நீங்கள் விட்டுக்குடுக்கிறீங்கள்."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். "நான் அனுப்புற அலை உங்களிட்ட வருது. வந்து, மோதி, திரும்ப என்னட்ட வரவேணும். போறதும் வாறதும் சேர்ந்தாத்தான் அது நிக்கும். அதுக்கு மறுமுனை ஆடாமல் இருக்கவேணும். உங்கட கை அலை வரேக்க விடுது, பிறகு எடுக்குது. பாதி அலை உங்கட கைக்குள்ளயே போயிடும்."

உண்மை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வாலிப வயதில் இறங்குதுறையில் வள்ளங்களுக்குக் கயிறு பிடித்த கை இது. கடல் தூக்கும்போது இறுக்கிப் பிடித்தால் ஒன்றில் கயிறு அறும், இல்லாவிட்டால் தோள் கழலும். தூக்கும்போது கொஞ்சம் விட வேண்டும், இறங்கும்போது எடுக்க வேண்டும். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்யும்.

"அப்ப எப்பிடி வயிறு வந்தது?"

"நான் கொஞ்சம் கூடுதலா ஆட்டிச் சமாளிக்கிறனான்."

"எட்டு வருஷமாவோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் அவ்வளவு சந்தோஷமா நிண்டனீங்கள்" என்றார் ரீச்சர். மறுபடியும் கத்தியை எடுத்தார்.

இதைக் கேட்டு ஒரு நல்ல புருஷன் என்ன செய்திருக்க வேண்டும்? மனம் உருகியிருக்க வேண்டும். நானும் உருகினேன், ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷம் மனதுக்குள் வந்தது என்ன தெரியுமா? 'ஈயத்தால் ஏலும், என்னால் ஏலாதோ?'

பொறாமை அப்படித்தான். அன்பாகச் சொன்ன சொல்லில்கூட ஒரு போட்டியைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்த நாளே கடையில் பயிற்சி தொடங்கியது. ஜவாத் நானா கயிற்றின் ஒரு முனையை எடுத்தார். நான் மறுமுனையை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆட்டுங்கோ நானா!"

"இது என்ன வெளாட்டு தம்பி? ஆக்கள் பாத்தாப் பைத்தியம் எண்டுவாங்க."

"பரவாயில்லை, ஆட்டுங்கோ!"

வலை இழுத்த கை அவருடையது. அவர் ஆட்டினால் கடை ஆடும். உப்புவெளியில் இருந்து தூண்டில் வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். முதல் நாள் என் கை பழைய மாதிரித்தான் விட்டது. "விடாத! விடாத!" என்று நானா கத்தினார். கிழமை முடிகிறபோது கை மாறிவிட்டது. கயிற்றில் மூன்று வயிறு அழகாக நின்றது.

"இப்ப நீ மனிசன் இல்ல தம்பி. தூண்!" என்றார் நானா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

அவ்வளவு பெரிய பாராட்டை என் வாழ்க்கையில் வேறு யாரும் தந்ததில்லை.

இதொன்றும் ரீச்சருக்குத் தெரியாது. தெரியாமல்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார். "வியாழக்கிழமை கல்வி வலயத்தில இருந்து அதிகாரிமார் என்ர பாடம் பாக்க வருகினம். நீங்கள் ஒருக்கா வரவேணும். கயிறு பிடிக்க."

சோற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "மிஷின்?"

"மிஷினும் இருக்கு. நீங்களும் வேணும். வந்து வழமைபோலப் பிடியுங்கோ. அவ்வளவுதான்."

"பிள்ளைகளுக்கு முன்னாலயோ?"

"பிள்ளைகளுக்கு முன்னாலதான்."

எனக்கு நாலு பேர் கூடின இடத்தில் நிற்கவே வராது. கலியாண வீட்டில்கூடப் பந்தலுக்கு வெளியில் நிற்கிற ஆள். ஆனால் போகாமல் இருப்பேனா? ஈயக்கட்டி போகுமாம், நான் போக மாட்டேனாம்!

வியாழக்கிழமை. இஸ்திரி போட்ட சேட்டு. ஆய்வுகூடம் நிறையப் பிள்ளைகள். முன் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, விரிப்பு விரித்து, சோடாப் போத்தல்களோடு இரண்டு அதிகாரிகள். பின் வரிசையில் சங்கீத ரீச்சர். வீணைத் தந்தி அதிர்வதும் இதே சங்கதிதானாம், அதனால் பார்க்க வந்திருக்கிறாராம்.

முதலில் மிஷின். சுதர்சன் சேர் போனில் விரல் வைக்க, ரீச்சர் பாடம் எடுத்தார். நான் இதுவரை அவர் படிப்பித்துப் பார்த்ததில்லை. வீட்டில் கதைக்கிற அதே குரல்தான். ஆனால் ஒரு பிள்ளையின் கண்ணும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகவில்லை. நூல் நின்றது. கணு நின்றது. "இந்த முனையில ஈயம் இழுத்துப் பிடிக்குது, கப்பியடியில நூல் அசையாது. அதாலதான் அலை முழுதாத் திரும்பி வருது" என்றார். ஒரு அதிகாரி தலையை ஆட்டினார்.

ஈயம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு என்னையே பார்த்தது மாதிரி இருந்தது.

"இனி, முனை உறுதியா இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு பாப்பம்" என்று சொல்லி, ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். "இவர் பிடிப்பார். இவற்ற கை அலை வரேக்க விட்டுக்குடுக்கும். நடிப்பில்லை, பழக்கம். அதால கயித்தில அலை ஒழுங்கா நிக்காது. நல்லாக் கவனியுங்கோ."

அப்போதுதான் விளங்கியது, நான் வந்தது எதற்கென்று. முதலே சொன்னால் நான் நடிப்பேன் என்று பயந்து ரீச்சர் சொல்லாமல் விட்டிருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது என் பழைய கை. நான் கொண்டுவந்திருப்பதோ புதுக் கை. உள்ளங்கையில் கயிறு இரண்டு சுற்று. கால் மேசைக் காலில் முட்டு.

அந்த இடத்தில் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம். ஒரு நொடி நேரம் இருந்தது. செய்யத் தெரியும். எட்டு வருஷம் செய்த வேலைதானே?

செய்யவில்லை. ஈயம் பார்த்துக்கொண்டிருந்தது.

ரீச்சர் ஆட்டினார். எப்படி ஆட்டினார்? அவருடைய கைக்கும் எட்டு வருஷப் பழக்கம். வழமைபோல. என் கை பாதியை விழுங்கும் என்று கணக்குப் போட்டு, கூடுதலாக. இந்த முறை கை ஒன்றையும் விழுங்கவில்லை. போனது முழுதும் திரும்பி வந்தது. வந்ததோடு அடுத்ததும் சேர்ந்தது. கயிற்றில் இரண்டு வயிறு எழும்பியது. பொங்கியது. பருத்தது… "அம்மாடி" என்று ஒரு பிள்ளை சொன்னது கேட்டது. பிறகு சளாரென்று ஒரு சத்தம். பருத்த வயிறு அதிகாரிகளின் மேசையைத் தடவிவிட்டுப் போனது. சோடாப் போத்தல்கள் உருண்டன. ஒரு அதிகாரி கதிரையோடு பின்னுக்குப் போனார்.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

முன் வரிசையில் ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தியது. "ரீச்சர், நிக்காது எண்டு சொன்னீங்கள்… நிக்குதே?"

ரீச்சர் கயிற்றை நிறுத்தினார். என் காலைப் பார்த்தார். கையில் இருந்த இரண்டு சுற்றைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. அவருடைய பாடத்தை, அதுவும் அதிகாரிகளுக்கு முன்னால், நான் கெடுத்துவிட்டேன்.

"பிள்ளைகள்" என்றார் ரீச்சர் ஆறுதலாக. "எட்டு வருஷத்தில இவர் விட்டுக்குடுக்காத முதல் நாள் இதுதான். அதையும் இண்டைக்கு உங்கட கண்ணால கண்டிட்டீங்கள்."

அதிகாரிகளும் சிரித்துவிட்டார்கள். சிரிக்காத ஆள் நான் மட்டும். கயிறு இறுகி உள்ளங்கையில் தோலைக் கொண்டு போயிருந்தது. கையை விரிக்க முடியவில்லை.

சுதர்சன் சேர் ஓடி வந்தார். "அண்ணன், விடுங்கோ, கையை விடுங்கோ" என்று சுற்றைக் கழற்றினார். கழற்றின கயிற்றை அவரே பிடித்துக்கொண்டார். "நான் பிடிக்கிறன் ரீச்சர்."

பிடித்தார். அலை வரும்போது விட்டார், போகும்போது எடுத்தார். கயிறு நெளிந்தது, குழம்பியது, ஒன்றும் ஒழுங்காக நிற்கவில்லை. "இப்ப பாருங்கோ" என்று ரீச்சர் பாடத்தை முடித்தார். பிள்ளைகளுக்கு விளங்கியது. அதிகாரி ஏதோ எழுதினார். முகத்தைப் பார்த்தால் நல்லதாகத்தான் எழுதியிருப்பார் போல.

நான் கையைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு சுவரோடு நின்றேன். யோசித்துப் பாருங்கள். ஈயம் என் இடத்தை எடுத்துவிட்டது என்று ஒரு கிழமை நெஞ்சு வெந்து, அந்த இடத்தைப் பிடிக்கக் கை உரியப் பாடுபட்டு, கடைசியில் எனக்கென்றே ரீச்சர் வைத்திருந்த இடத்தை நானே கழற்றி இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன். மடத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

பாடம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். நானும் நழுவப் பார்த்தேன். அப்போது பின் வரிசையில் இருந்த சங்கீத ரீச்சர் எங்களிடம் வந்தார்.

"அண்ணன், நல்லா இறுக்கிப் பிடிக்கிறீங்கள். எனக்கு அப்பிடி ஒரு ஆள்தான் வேணும். அடுத்த கிழமை என்ர பிள்ளைகளுக்குத் தந்தி அதிருறதைக் கயித்தில காட்டப் போறன். ஒருக்கா வருவீங்களோ?"

என்னை ஒரு வேலைக்குக் கேட்கிறார்கள்! அதுவும் பாடசாலையில்!

நான் வாய் திறக்க முதல் பதில் வந்துவிட்டது.

"அவருக்குக் கடை இருக்கு" என்றார் என் ரீச்சர்.

"ஒரு பாட நேரம்தானே?"

"ஏலாது. கையும் காயம்." சொல்லிக்கொண்டே மேசையைத் துடைத்தார். அந்த மேசையை ஏற்கெனவே பிள்ளைகள் துடைத்துவிட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது ரீச்சர்தான் ஸ்கூட்டி ஓட்டினார். நான் பின்னால். பாலையூற்றுச் சந்தி வரைக்கும் ஏச்சு வரப் போகிறது என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவேண்டியதுதானே? பாடத்தைக் கெடுத்தவன் நான்.

"அவ எதுக்கு உங்களைக் கேட்டவ?" என்றார் திடீரென்று.

"ஆர்?"

"ஆரெண்டு தெரியாதோ? சங்கீதம்."

"இறுக்கிப் பிடிக்கிற ஆள் வேணுமாம்…"

"அவவுக்கு ஒரு ஆணி காணாதோ? சுவரில ஆணி அடிச்சுக் கட்டினா நிக்கும்."

நான் கைக்குட்டைக் கட்டை இறுக்கினேன்.

"போகப் போறீங்களோ?"

என் வாழ்நாளில் முதல்தடவையாக, வேண்டுமென்றே, ஒரு பதிலைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துச் சுவைத்தேன்.

"நீங்கள் போக வேண்டாம் எண்டாப் போகேல்ல."

"நான் என்னத்துக்குச் சொல்ல? உங்கட விருப்பம்" என்றார். ரோட்டில் ஒரு மேடு வந்தது. வழமையாக மெதுவாக ஏற்றி இறக்குகிறவர், அன்றைக்கு அப்படியே விட்டார். நான் அரைச் சாண் எழும்பி விழுந்தேன்.

வீட்டில் மருந்து பூசிவிட்டார், தேவைக்கு மேல் அழுத்தி. அழுத்திக்கொண்டே, நிமிர்ந்து பாராமல் சொன்னார். "வாற வருஷமும் அலைப் பாடம் வரும். பழைய மாதிரிப் பிடிக்கப் பழகுங்கோ. எனக்கு மட்டும் பிடிச்சாக் காணும்."

இந்த நோய் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது: ஆனிப் பூரணைக்கு அடுத்த நாள்.